முப்பத்திரண்டாவது நோட்டீஸ்

போஃபோர்ட் வெஸ்டில் மழை
ஒரு வதந்தி.
நகராட்சியில் என் வேலை தண்ணீர் மீட்டர் படிப்பது.
இரும்பு மூடியைத் தூக்கினால் முதலில் தேள்,
பிறகு எண்.

டர்பனிலிருந்து மாற்றலாகி வந்தபோது
காரின் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்து வந்தது
முழ உயரக் கன்று.
கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் சீட்டு: கேப் ஆஷ்.
ஆஷ் என்றால் சாம்பல் என்று மட்டுமே தெரிந்தவன் நான்.
எரியும் முன்பே அந்தப் பெயரா என்றாள் சவுந்தலை.
வழி முழுக்க அதன் இலைகள்
அவள் பிடரியை உரசிக்கொண்டே வந்தனவாம்.

பக்கத்து வீட்டு ஹென்ட்ரிக்
வேலிக்கு மேல் தலையை நீட்டினார்.
இந்த ஊர் மரமில்லையே.
இந்த நாட்டு மரம்தான் என்றேன்.
நாடு பெரிசு, என்றார்.
இங்கே உறைபனி விழும், அது கடற்கரைப் பிள்ளை.
அதற்கு மேல் பேசவில்லை.
ஜூன் மாதம் கேட்காமலே
ஆட்டுரோமம் ஒட்டிய நாலு பழைய சாக்கைக்
கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்.

முதல் குளிரில் நுனி கருகியது.
இரண்டாம் குளிரில் பாதி.
நகத்தால் பட்டையைக் கீறிப் பார்ப்பேன்,
உள்ளே பச்சை இருக்கும், நூலளவு.
அந்த நூலைப் பிடித்துக்கொண்டே
செப்டம்பர் வரை வந்தோம்.

தண்டருகே ஊற்றாதே, நிழல் முடியும் இடத்தில் ஊற்று.
அடிக்கடி வேண்டாம், ஆழமாக.
மேலே சரளைக்கல் பரப்பு, வெயில் முதலில் அதைத் தின்னட்டும்.
இதெல்லாம் பிறகு கற்றது.
ஆரம்பத்தில் நாங்கள் கொடுத்தது
அரிசி களைந்த தண்ணீர், துணி அலசிய தண்ணீர்,
ஒருமுறை இருட்டில் தவறிப்போய்
ரசம்.

அப்புறம் கம்கா அணை வற்றியது.
அடியில் ஒரு சைக்கிள் தெரிந்தது,
ஊரே போய்ப் பார்த்தது.
தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் விடக்கூடாது,
விட்டால் நோட்டீஸ் கொடு என்று
மஞ்சள் புத்தகம் ஒன்று தந்தார்கள்.
முப்பத்தொன்று கிழித்தேன்.
ஒரு வாத்தியார், இரண்டு பாதிரியார்,
ரோஜா வளர்த்த மிசஸ் ஃபன் வேய்க்.
கதவைத் திறந்ததுமே அழுதார்,
அபராதத்துக்கு அல்ல,
அக்கம்பக்கம் பார்க்கிறதே என்று.

அந்த வியாழன், இருட்டிய பிறகும் முப்பத்தெட்டு டிகிரி.
மரம் இலைகளைச் சுருட்டி
முஷ்டி முஷ்டியாக நின்றது.
சவுந்தலை தூங்குவதுபோலப் படுத்திருந்தாள்.
குழாயைத் திறந்தேன்.
பதினோரு நிமிடம்.
ஈரமண் வாசனை
தெருமுனை வரை என்னைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

காலையில் என் வீட்டு மூடியைத் தூக்கினேன்.
தேள். எண்.
முப்பத்திரண்டாவது தாளில்
என் பெயரை முழுதாக எழுதினேன்,
பூபாலன் கிருஷ்ணசாமி படையாச்சி.
ஐந்நூறு ராண்ட்.
கொடுத்தவர் கையெழுத்து நான்,
வாங்கியவர் கையெழுத்தும் நான்.
இரண்டும் ஒன்றுபோல் இல்லை.

எப்படிப் பரவியதோ தெரியாது.
சனிக்கிழமை விடிந்தபோது வேலியோரம்
ஆறு கேன்கள்,
ஹென்ட்ரிக் வீட்டுப் பாத்திரம் கழுவிய தண்ணீர்,
மேலே கொழுப்புப் படலம் மிதக்க.
மறுவாரம் மிசஸ் ஃபன் வேய்க்கும் ஒன்று அனுப்பினார்.
குளித்த தண்ணீர். ரோஜா சோப்பு.
மரம் எதையும் முகர்ந்து பார்க்கவில்லை, குடித்தது.

இந்த நவம்பரில் பூத்தது.
வெள்ளையாக, கடுகுக்குச் சற்றே பெரிதாக,
கிட்டப் போனால்தான் வாசம்.
காய்க்கவில்லை.
இந்த இனத்தில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறாம்.
எங்களுடையது எது என்று இன்னும் தெரியாது.
இதன் சொந்தக்காரர்கள் மலைகளுக்கு அப்பால், கடல் பக்கம்.
அவ்வளவு தூரம் ஒரு தேனீயிடம் எப்படிக் கேட்பது.

சவுந்தலை நர்சரிக்கு போன் போட்டுவிட்டாள்.
மூன்று கன்று வேண்டுமாம்,
ஒன்று பட்டுப்போகும், ஒன்று இதே ஜாதியாகிவிடும் என்கிறாள்.
நான் சமையல்கட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறேன்.
மூன்று கன்று. வரப்போகும் கோடை.
மஞ்சள் புத்தகத்தில் இன்னும்
பதினெட்டுத் தாள்.