நூற்றுநாற்பது பார்

தேங்காப்பட்டணம் துறைமுகத்தில்
மூன்று நாளாய் இன்ஜின் குழிக்குள் கிடக்கிறேன்.
மேலே வெயில் சதுரமாகத் தெரிகிறது.
அவ்வப்போது அந்தச் சதுரத்தை மறைத்துக்கொண்டு
பெல்லார்மினின் தலை:
"ஓய் ஃபிட்டரே, முடிஞ்சுதா?"

லாரிக்கென்று வார்த்த இன்ஜின் இது.
கடலுக்கு வந்து ஒன்பது வருடமாகியும்
ஆரல்வாய்மொழி ஏற்றத்தில்
முக்கி ஏறுவதாகவே நினைத்து உறுமுகிறது.
அதன் மூக்கில் பம்பைப் பூட்டவேண்டும்.
இரண்டு மையமும் ஒரே கோட்டில்;
டயலின் முள்ளுக்கு மயிரிழைதான் அனுமதி.
கரையேற்றினால் இந்தப் படகின் மரத்துக்கு ஒரு வளைவு,
தண்ணீரில் இன்னொன்று.
மிதக்கவிட்டுத்தான் அளக்கிறேன்.
அடுத்த படகு நங்கூரம் எடுக்கும்போதெல்லாம்
தகடு ஒன்றை வைக்கிறேன்,
உருவுகிறேன்,
மறுபடி வைக்கிறேன்.

பழைய பெல்ட் வின்ச்சைக் கழற்றிக்
காயலான் கடைக்குத் தள்ளிவிட்டது ததேயுஸ்.
இடது கையில் அவனுக்கு மூன்று விரல்.
"பங்குக்காசு எண்ண இது போதும்" என்று
அவனே சிரித்துவிடுவதால்
நாம் எங்கே பார்ப்பதென்று தெரியாது.

முதல் ஓட்டத்தில் டேங்க்கில்
மோர் கடைந்தது போல நுரை.
எங்கோ ஓர் ஓஸ் காற்றைக் குடிக்கிறது.
காதை வைத்துத் தேடி,
கிளிப்பை அரைச்சுற்று முறுக்கி,
எண்ணெய் தெளியும்வரை டீ குடித்தோம்.
இரண்டாம் ஓட்டத்தில் டிரம் பின்னோக்கிச் சுற்றியது.
தப்பு என்னுடையது. ஓஸ் மாறிவிட்டது.
கயிறு பிடித்திருந்த மூவரும்
சேர்ந்து வைத ஒரே வார்த்தையை
இங்கே எழுதவில்லை.

பிறகு பிரஷர் வைக்க உட்கார்ந்தேன்.
"எத்தற?"
"நூற்றுநாற்பது பார்."
"நூத்திநாப்பதா!
எனக்கு பதினெட்டு பார்தான் தெரியும்.
பேரு சொல்லட்டா?
கோழிப்பார், இரட்டைப்பார், சீலாப்பார்,
வலை தின்னிப்பார்..."

மார்த்தாண்டத்துக்காரன் நான்.
தண்ணீருக்கடியில் மறைந்திருக்கும் பாறைக்குப்
பார் என்று பெயர் இருப்பது
அன்றுதான் தெரிந்தது.

விளங்கியதும் அவர் கேட்டது வேறு:
"எரநூறு வையி. இழுக்கட்டு."
இன்ஜின் இழுக்கும்.
பம்பும் இழுக்கும்.
கயிறு? அதன் பக்கத்தில் நிற்கிற ஆள்?
வால்வின் திருகை நூற்றுநாற்பதில் நிறுத்தி,
பூட்டு நட்டை இறுக்கி,
அதன் மேல்
என் மகளின் நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்தேன்.
கோடு உடைந்திருந்தால்
யார் கை வைத்தாலும் தெரியும்.
பெல்லார்மின் கோபத்தில்
பாக்கி எட்டாயிரத்தை
அடுத்த போக்குக்குத் தள்ளிவைத்தார்.
ததேயுஸ் மட்டும் அந்தக் கோட்டைக்
குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

இருபத்திரண்டாம் நாள் இரவு
சேட்டிலைட் போன்.
நிமிடத்துக்குக் காசு, ஆகவே கத்தல்:
"ஃபிட்டரே, வின்ச்சு நின்னுபோச்சு!
கீச்சுன்னு ஒரு சத்தம்!"
"கோடு?"
"அப்பிடியேதான் இருக்கு."
"கயிறு?"
"கம்பி மாதிரி நிக்குது."
"லிவரை விடு. கயித்தை இளக்கு.
அடியில பார்."

கொஞ்ச நேரம் காற்று மட்டும் கேட்டது.
பிறகு பெல்லார்மினின் குரல், தணிந்து:
"எதப் பாக்கச் சொல்லுதான்?"
தூரத்தில் ததேயுஸ்
சிரிக்கத் தொடங்குவதற்குள்
காசு தீர்ந்துவிட்டது.