இன்னும் மீன் வாங்கவில்லை

கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடி மேலே,
அதற்கும் மேலே இரண்டு மாடி ஏறி,
பானசவாடியில் ஒரு வாடகைக் கூடத்தில்
உப்புக் கரைத்துக்கொண்டிருக்கிறேன்.

தண்ணீர் லாரியில் வந்தது.
எங்கே எடுத்தாய் என்று ஓட்டுநரைக் கேட்கக் கூடாது,
அது இந்த ஊரின் மரியாதை.
வடிகட்டியில் விட்டுச் சொட்டுச் சொட்டாய்
நாலு நாள் பிடித்தேன்.
ஒரு குடம் நல்லதுக்கு மூன்று குடம் கழிவு.
அந்தக் கழிவில்
என் சட்டைகளும் ஜெபசிங்கின் சட்டைகளும்
மாடிப்படியும் கீழ்வீட்டு ஸ்கூட்டரும்
குளித்து முடித்தன.

ஏழு கிலோ உப்பு.
விரலை நனைத்து நாக்கில் வைத்து
"ரசத்துக்குக் கொஞ்சம் ஜாஸ்தி" என்கிறான் ஜெபசிங்.
நான் கருவியின் கண்ணாடியில் ஒரு துளி விட்டு
ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன்.
மேலே நீலம், கீழே வெள்ளை, நடுவில் ஒரு கோடு.
ஒன்று புள்ளி பூஜ்யம் இரண்டு ஐந்து.
எதிர்மாடியின் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே
அத்தனை சின்னத் தொடுவானம்.

வீட்டுக்காரர் சிக்கண்ணா படியேறி வந்தார்.
அவர் கட்டிலுக்கு நேர் மேலே தொட்டி.
"எஷ்டு கேஜி?"
முந்நூறு என்றேன், ஐம்பதைக் குறைத்து.
கூரையைப் பார்ப்பவர்போல என் தரையைப் பார்த்தார்.
"மீனு எல்லி?"
இல்லை, ஆறு வாரம் ஆகும்.
"ஏனிதெ மத்தெ?"
நீரு, என்றேன். உப்பு.
அந்த இரண்டு சொல்லுக்கும்
எங்களுக்குள் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.
அட்வான்ஸில் பிடித்துக்கொள்வேன் என்று அவர் சொன்னதற்கும்தான்.

இறாலைப் போட்டுச் சுறா பிடிப்பார்கள்.
நான் ஒற்றை இறாலைத் தோலோடு போட்டது
அழுகலைப் பிடிக்க.
அதைத் தின்னக் கண்ணுக்குத் தெரியாதவை வந்து குடியேற,
அவை கழிப்பதைத் தின்ன இன்னொரு கூட்டம் வர.
காலைதோறும் குழாயில் ஐந்து மில்லி.
மஞ்சள் பச்சையாகும், பச்சை இன்னும் பச்சையாகும்.
மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு
நிற அட்டையை ட்யூப்லைட்டில் பிடித்துப் பார்ப்பேன்.
காலித் தொட்டிக்கு விளக்குப் போட்டு, அலை போட்டு,
டிசம்பர் குளிருக்கு ஹீட்டரும் போட்டு
எதிரே உட்கார்ந்திருப்பவனைப் பற்றி
ஜெபசிங் போனில் தன் அம்மாவிடம் சொன்னது:
"நல்லாத்தான் இருந்தான்."

மூன்று நாளில் ஒரு விரற்கடை குறைந்துவிடும்.
முதல் தடவை உப்புநீரையே ஊற்றி நிரப்பினேன்,
கோடு மேலேறிவிட்டது.
பிறகுதான் உறைத்தது:
போவது தண்ணீர் மட்டும்.
உப்பு எங்கேயும் போவதில்லை.
நல்லதண்ணீர் ஊற்றினால் போதும்.
இதை ஒருத்திக்கு எழுதலாமென்று போனை எடுத்தேன்.
சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தேன்.

மைசூருக்கு மாற்றலாகிப் போன நஸ்ரீன் மேடம்
தன் தொட்டியைக் கலைத்த அன்று
ஈரச் செய்தித்தாளில் சுற்றி ஒரு கல் தந்தார்.
ஆட்டோவில், சில்க் போர்டு நெரிசலில்,
ஒன்றேகால் மணி நேரம் மடியில் இருந்தது.
பேன்ட் இன்னும் வெளுக்கவில்லை.

ஐந்தாம் வாரம். இரவு இரண்டு மணி.

டக்.

கண்ணாடி விரிந்தால் இப்படித்தான் கேட்குமாம்.
இருநூறு லிட்டர்;
நேர் கீழே சிக்கண்ணா, மல்லாந்து.
நாலு மூலையையும் விரலால் தடவினேன்.
ஈரமில்லை.
டக்.
ஜெபசிங் ஓடி வந்தான், வாளியோடு.
ஒரே ஒரு வாளி.

டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் சுற்றி
மண்டியிட்டு, மூச்சைப் பிடித்து, இருவரும்.
கல்லின் ஓட்டையிலிருந்து ஒரு கொடுக்கு நீண்டது.
திறந்தது. மூடியது.
டக்.
சுண்டுவிரல் நகமளவு இறால்
சொடக்குப் போடுகிறது.
நாங்கள் வாங்காதது.
என் பட்டியலில் எந்த வரியிலும் இல்லாதது.
வாசலில் கிடந்த மணலை வாரி வாரி
வெளியே தள்ளிக்கொண்டிருந்தது,
எங்களை ஒரு பொருட்டாய் நினைக்காமல்.

காலையில் படியில் மறித்தார் சிக்கண்ணா.
ராத்திரி என்ன சத்தம்? "மீனு பந்தா?"
வீட்டில் ஒரு ஆள் கூடிவிட்டதைச் சொன்னால்
வாடகையை ஏற்றுவார்.
வாய் நிறையப் பற்பசை இருப்பதுபோல
இல்லையென்று தலையாட்டினேன்.