பதினேழு நாள்

ஊசி போட்ட தேதி இருக்கிறது,
சகாயமேரி சிஸ்டர் பச்சை மையில் எழுதிய அட்டை,
பேட்ச் நம்பரோடு.
முதல் டாக்டர் சீட்டும் இருக்கிறது,
கோத்தகிரி ஆஸ்பத்திரி முத்திரை பாதிதான் விழுந்திருக்கிறது.
நடுவே பதினேழு நாள்.
அது எங்கேம்மா என்கிறார்
உதகையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்.
கெட்டவர் இல்லை. எனக்கும் டீ சொன்னார்.

எங்கே போகும்.
மண் சரிந்து பஸ் நின்றிருந்தது.
தைலம் இருந்தது. வேலை இருந்தது.
இடது கை காதுக்கு மேல் ஏற மறுத்த காலையில்
பின்னத் தெரியாத என் மகன்
என் தலைக்கு ரப்பர் பேண்டு போட்டுவிட்டான்.
இதற்கு யார் சீட்டுத் தருவார்கள்?

கோயம்புத்தூரில் குழாய்க்குள் படுக்கவைத்தார்கள்,
ஃபேக்டரி ரோலர் போலச் சத்தம்.
மூட்டுப் பைக்குள் நீர், வீக்கம்.
ஊசி இரண்டு விரல் மேலே ஏறியிருக்கும் என்றார் டாக்டர்.
எழுதித் தாருங்கள் என்றேன்.
'பொருந்தக்கூடியது' என்று எழுதினார்.
'காரணம்' என்று எழுதுங்கள் என்றேன்.
பேனாவை மூடிவிட்டார்.
திரும்பும் பஸ்ஸில்
கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும்
அந்த இரண்டு சொல்லும் என் மேல் வந்து சாய்ந்தன.

மருந்து மேல் எனக்குக் கோபமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.
அடுத்த தவணையும் போட்டுக்கொண்டேன், வலது கையில்.
சிஸ்டர் விரல் வைத்து இரண்டு முறை அளந்தாள்.
விரல் நடுங்கியது.

பிறகொரு சனிக்கிழமை லயத்துக்கே வந்தாள்.
அன்றைக்கு நூற்றுப் பதினாறு பேர், நான் ஒருத்தி,
நீ உட்கார்ந்திருந்தாய், நான் நின்றபடியே போட்டேன்.
எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டுவந்திருந்தாள்.
வேலை போய்விடுமே சிஸ்டர் என்றேன்.
காதில் விழாதவள் போலச் செருப்பைத் தேடினாள்.

அந்தத் தாளை நான் இன்னும் கொடுக்கவில்லை.

கொடுத்தது எடைப் புத்தகம்,
பெள்ளிராஜ் நகலெடுத்துத் தந்தது.
செவ்வாய் முப்பத்து நாலு கிலோ.
புதன் பத்தொன்பது.
வியாழன் பதினொன்று.
பிறகு ஒன்பது, பன்னிரண்டு,
மழை ஈரத்துக்குக் கழித்து எட்டு.
பதினேழு நாளும், 'ஞானமலர்' என்ற பேருக்கு நேரே.

இது மருத்துவ ஆதாரம் ஆகாதேம்மா என்றார்.
ஆனால் திருப்பித் தரவில்லை.
விரலைச் செவ்வாயில் வைத்தார்,
புதனுக்கு இறக்கினார்,
அங்கேயே வைத்திருந்தார்.

டீ ஆறி ஏடு படிந்துவிட்டது.
எடுக்க இடது கையை நீட்டினேன்,
பழக்கத்தில்.