எந்தப் பச்சை

விளக்கைப் போட்டால்
பதினொன்றும் தண்ணீருக்கு மேல்மட்டத்தில்.
வாயைத் திறந்து மூடி, திறந்து மூடி,
புகார் சொல்ல வந்து
கவுண்டர் தெரியாமல் நிற்பவர்கள் மாதிரி.

மீன் என்னுடையதில்லை.
உள்ளறையில் வாடகைக்கு இருந்த தெட் நைங்
துவாஸ் பக்கம் மாறியபோது
"அக்கா, ரெண்டே வாரம்" என்று
விட்டுப்போன தொட்டி.
இது ஒன்பதாவது வாரம்.

நான் சுத்தக்காரி.
எங்கள் அடுப்படித் தரையில் தலை சீவலாம் என்பார் செழியன்,
பாராட்டா குத்தலா தெரியாது.
தெட் நைங் போன அன்றே அவன் அறையை
இரண்டு முறை பிளீச் ஊற்றித் தேய்த்தேன்.
போன சனிக்கிழமை தொட்டியின் முறை.
வடிகட்டிக்குள்ளே பஞ்சு
காப்பிச் சக்கை நிறத்தில், கொழகொழவென்று.
குழாயைத் திறந்து
வெள்ளைத் தண்ணீர் வரும்வரை கசக்கினேன்.
கூழாங்கல்லை அரிசி மாதிரி களைந்தேன்.
நிரப்பி முடித்தபோது
நகைக்கடைக் கண்ணாடி தோற்றது.
படமெடுத்து அவனுக்கு அனுப்பினேன்.
ஒரு கட்டைவிரல் வந்தது.

செவ்வாய் ஒன்று சாய்ந்தது.
புதன் இரண்டு.

மார்ஜரின் டப்பாவில் செத்ததை எடுத்துக்கொண்டு
யீஷூன் புளோக் அடியில் இருக்கும் கடைக்குப் போனேன்.
கடைப் பெண், பேர் ஹுவி மின்,
டப்பாவைத் திறக்கவே இல்லை.
வெள்ளைப் புள்ளி இருந்ததா? இல்லை.
துடுப்பு அரித்திருந்ததா? இல்லை.
செவுள்?
சிவப்பு. ரொம்பச் சிவப்பு.
தண்ணீர் கொண்டு வந்தாயா?
மருந்து கேட்க வந்தவளிடம்
தண்ணீரைக் கேட்கிறாள்.

இரண்டு குப்பி, ஒரு கண்ணாடிக் குழல், ஒரு வண்ண அட்டை:
பதினெட்டு வெள்ளி.
வீட்டில் குழலை விளக்கடியில் பிடித்தோம்.
மஞ்சள் என்றால் பிழைத்தோம்.
"இது மாங்காய்ப் பச்சை" என்றார் செழியன்.
"இல்லை, பாண்டான் இலை" என்றேன்.
இருபத்தாறு வருடக் கல்யாணத்தில்
பச்சைக்காகச் சண்டை போட்டது அன்றுதான்.
அதற்குள் இன்னும் இரண்டு.

மறுநாள் ஹுவி மின் சொன்னாள்,
கணக்கு எழுதிக்கொண்டே, நிமிராமல்:
அந்தப் பஞ்சுக்குள்தான் எல்லாரும் இருந்தார்கள்.
கண்ணுக்குத் தெரியாதவர்கள்.
மீனின் கழிவைத் தின்று
விஷத்தை விஷமில்லாமல் ஆக்குபவர்கள்.
குழாய்த் தண்ணீரின் குளோரமின் பட்டதும்
அத்தனை பேரும் போயிருப்பார்கள்.

ஒரு குடியிருப்புப் பேட்டையையே
ஸிங்க்கில் கசக்கி ஊற்றியிருக்கிறேன்,
மேலே எலுமிச்சை சோப்பு வேறு.

அவள் தன் கடைத் தொட்டிக்குள் கைவிட்டு
ஒரு அழுக்குப் பஞ்சைப் பிய்த்துப்
பையில் போட்டுக் கொடுத்தாள்.
காசு வாங்கவில்லை.
பஸ்ஸில் அதை மடியில் வைத்து வந்தேன்,
பக்கத்து இருக்கைப் பையன் மூக்கைச் சுளிக்க,
வாழ்க்கையில் முதல்முறை
ஒரு அழுக்கு
சிந்திவிடக் கூடாதே என்று.

தினமும் கால் பங்கு தண்ணீர் மட்டும்.
வாளியிலேயே குளோரின் முறிவுச் சொட்டு, பிறகுதான் தொட்டி.
இரண்டு நாள் தீனி கிடையாது.
காற்றுக்கல் இரவெல்லாம் கொப்புளிக்க,
கண்ணாடியில் பாசி ஒரு விரலளவு படர,
தேய்க்கும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.
இதைவிடக் கடினமான வேலை
நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை குழலில்
மஞ்சளா என்று கேட்டால் மஞ்சள்,
பச்சையா என்று கேட்டால் பச்சை.
செழியன் வாயைத் திறக்கவில்லை.
மேலே யாரும் வாய் பிளக்கவில்லை.
ஆரஞ்சு பிளாட்டி ஒன்று
கல்லைக் கொத்தி, துப்பி, மறுபடி கொத்தியது.

அப்போதுதான் தெட் நைங்:
அக்கா, மீன் எல்லாம் எப்படி?
வந்து எடுத்துக்கொள் என்று தட்டினேன்.
அழித்தேன்.
மன்னித்துக்கொள் என்று தட்டினேன்.
அதையும்.
ஆறு இருக்கு, அவசரமில்லை
என்று அனுப்பிவிட்டு
எழுந்துபோய்
இன்னொரு முறை எண்ணினேன்.