நிகர எடை

தீபாவளிக்கு ஒன்பது நாள்.
இருபத்தாறு டப்பா, எல்லாம் சிவப்பு மூடி,
பாகாவ் மார்க்கெட்டுக்குப் பின்னால் மொத்தமாக வாங்கியது.
முறுக்கு ஆறிக்கொண்டிருக்கிறது.
நான் காகிதத்தைப் பழசாக்கிக்கொண்டிருக்கிறேன்.

சீனி போடாத தே ஓ, கடுங்காவியாக.
அகலத் தட்டில் ஊற்றி
கடையிலிருந்து வந்த வெள்ளை அட்டையை முக்கி எடுத்தால்
ஐந்து நிமிஷத்தில் அதற்கு அறுபது வயசு.
ஓரத்தை ஊதுபத்தியால் சுட வேண்டும்.
தீக்குச்சி சரிப்படாது, அவசரக்காரி.

மேலே ஒட்ட வீட்டில் என்ன கிடைக்கிறது?
தண்ணீர் பில்.
ரவிக்கை அளவு வரைந்த பட்டர் பேப்பர்.
நம்பர் விழாத சீட்டுகள், என் வீட்டுக்காரர் உபயம்.
அப்புறம் ஆலையிலிருந்து நான் கொண்டுவந்த
எடைச்சீட்டுக் கார்பன் பிரதிகள், இளஞ்சிவப்பு.
ஏழு வருஷம் ஆனால் எரித்துவிடச் சொல்வார்கள்.
எரிக்கிறதை ஒட்டினால் என்ன?

செம்பனை ஆலையில் எடைமேடைக் கண்ணாடிக்குப் பின்னால்
பதினோரு வருஷமாக இருக்கிறேன்.
லோரி ஏறும்: மொத்த எடை.
குலைகளைக் கொட்டிவிட்டு மறுபடி ஏறும்: வெற்று எடை.
கழித்தால் நிகரம்.
இதைத் தாண்டி எனக்குக் கணக்கு வராது.

சுவருக்கு அடித்து மிஞ்சிய வெள்ளையில் தண்ணீர் கலந்து
ஒட்டிய காகிதம் பாதி மறைய, பாதி தெரியப் பூச வேண்டும்.
காய்ந்ததும் வெண்டைக்காயை நறுக்கி
ஊதா ஸ்டாம்ப் பேட்டில் ஒற்றினால் பூ.
மைலோ டின்னின் வாய்த்தகட்டை
மை தீர்ந்த பேனாவால் பின்பக்கம் அழுத்தினால் அகல்விளக்கு.
அரிசிச் சாக்கில் உருவிய நூல். ஒரு முடிச்சு.

அடுத்த வீட்டு காக் ரொஹானிக்கு ஒன்று.
ஹார்ட்வேர் கடை ஆ செங்குக்கு ஒன்று,
பூச்சு வாங்கும்போது சில்லறை கேட்காத மனுஷன்.
கிளினிக் தாதி குணமலருக்கு இரண்டு, அவளுக்கு மாமியார் தனி வீடு.

இருபத்தாறாவது அட்டைக்குக் கை போட்டபோது
அந்தச் சீட்டு வந்தது.

தேதி இருந்தது. லோரி நம்பர் இருந்தது.
ஓட்டுநர்: ஞானப்பிரகாசம்.
ஈரக் கழிவு: 410 கிலோ.
என் கையெழுத்து, அப்போது இன்னும் அழகாக இருந்தது.

அன்றைக்குக் காலையிலிருந்தே மழை.
குலைகள் ஊறிப்போய் வந்தன, விதிப்படி கழித்தேன்.
கண்ணாடியைத் தட்டி அவன் கேட்டான்:
'வானம் பெய்ததற்கு என் கூலியிலா பிடிக்கிறாய்?'
வரிசையில் பின்னால் ஏழு லோரி.
அடுத்தவரை வரச் சொன்னேன்.

அதற்கப்புறம் சீட்டை நீட்டுவான், ஸ்டீரிங்கைப் பார்ப்பான்.
அப்புறம் ரொம்பின் பக்கம் வேறு ஆலைக்கு ஓட்டப் போய்விட்டான்.
மீன்கடையில் அவன் மனைவி மட்டும்
என்னைப் பார்த்தால் கெம்போங் மீனின் செவுளை
ரொம்ப நேரம் ஆராய்வாள்.

ஒட்டினேன்.
ஒரு பூச்சு. 410 தெரிந்தது.
இரண்டாவது. கார்பன் மை வெள்ளையைக் குடித்துவிட்டு
ஊதாவாக மேலே வந்தது.
மூன்றாவது பூச்சில் போய்விட்டது,
ஆனால் அட்டை செத்த சுவர் மாதிரி ஆகிவிட்டது.
என்ன செய்ய, மணல்தாளை எடுத்துத் தேய்த்தேன்.
நான்கு திரும்பி வந்தது, பாதி ஒன்று, ஒரு பூஜ்யம்.
மணி ஒன்றாகிவிட்டது.
அதன் மேலேயே வெண்டைப்பூ ஒற்றி
'ஞானம் வீட்டுக்கு' என்று எழுதினேன்.
அனுப்புவது யார் என்ற இடத்தில்
பெயர் எழுதப் போய், 'எடைமேடை' என்று எழுதினேன்.
மகன் மோட்டாரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு
'ஒண்ணும் சொல்லலம்மா' என்றான்.

நவம்பர் போனது. மழை. ஆலையில் கழிவு எழுத
இப்போது வேறு விதி வந்திருக்கிறது, அதே அளவுதான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்
கேட்டில் அதே சிவப்பு மூடி தொங்கியது.
உள்ளே கல்கல், எள்ளடை.
அதே அட்டை, அதே நூல்.
திருப்பினால் நீலப் பேனாவில்:

நிகரம் 1 கிலோ.
ஈரத்தைக் கழிக்க வேண்டாம்.

சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்,
பழக்கதோஷம்.
நாற்பது கிராம் குறைகிறது.
இதை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை.