பாதிக் கை

சூரமங்கலத்தில் எங்கள் ஆய்வகம் மாடியில்,
கீழே லாரிப் பட்டறை.
கத்திரி வெயிலில் படியேறி வந்தாள் பிலார்.
கஞ்சமலை அடிவாரத்தில் பொறுக்கிய இரும்புக் கசடு
பதினோரு பை.
ஒவ்வொன்றிலும் தேதி, காட்டுக்காரர் பேர்.

சோரியா என்றாள் தன் ஊரை.
ஸ்பெயினில் குளிர் அடிக்கும் மேட்டு நிலம்.
அங்கே ஒரு காலத்தில் கெல்டிபேரியர் இருந்தார்களாம்.
அடித்த இரும்புத் தகட்டை மண்ணில் புதைத்துவிட்டு
வருஷக்கணக்கில் மறந்திருப்பார்களாம்.
சோப்ளாங்கி இரும்பைத் துரு தின்றுவிடும்,
மிஞ்சியதைத் தோண்டி வாள் அடிப்பார்கள்.

"நிஜமாவா?"
"கிரேக்கர் ஒருத்தர் எழுதிவைத்தது.
நான் சோதித்ததில்லை."
அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

மடிக்கணினியில் பானை ஓடுகள் காட்டினாள்.
கழுத்தை வளைத்த குதிரை,
கட்டம் கட்டமாய் உடம்பு.
இன்னொன்றில் மல்லாந்து கிடக்கிற வீரன்,
அவன்மேல் குனிகிற கழுகு.
சண்டையில் விழுந்தவனைப் பறவைக்கு விடுவார்கள்,
நோயில் போனவனுக்கு நெருப்பு.
"எங்க ஊர்லயும் ரெண்டு சுடுகாடு" என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை.
நானும் விளக்கவில்லை.

கிளம்புகிற அன்று நாலு ரோட்டில்
தட்டுவடை செட் தின்றபடி,
பீட்ரூட் ஒட்டிய விரலால் ஒன்றை எடுத்துத் தந்தாள்.
வெண்கலத்தில் ஒரு கை,
தீப்பெட்டி நீளம், அச்செடுத்து வார்த்த நகல்.
முன்பக்கம் விரல்கள், கட்டைவிரல் நகம் உட்பட.
பின்பக்கம் தட்டை, கீறிய எழுத்து.

இதன் ஜோடி
வேறொரு ஊரில், வேறொரு வீட்டில் இருந்திருக்கும்.
போகிறவன் தன் பாதியை நீட்டுவான்,
வீட்டுக்காரன் தன்னுடையதை எடுத்து வருவான்.
பொருந்தினால் கதவு திறந்தாக வேண்டும்.
சோறு, படுக்கை, குதிரைக்குப் புல்.
"வேற எதுவும் கேட்க மாட்டாங்களா?"
"எதற்குக் கேட்கணும்?" என்றாள் பிலார்,
வாயில் முறுக்குத் தூளோடு.

ஜூனில் வீடு தேடினேன்.
அழகாபுரம். மாடிப் போர்ஷன். முருங்கை நிழல்.
"பேரு?"
"நிறைமதி."
"அருமையான பேரு. அப்பா பேரு?"
"தங்கராசு."
"சொந்த ஊரு?"
"தாரமங்கலம் பக்கம்."
"பக்கம்னா... ஊருக்குள்ளயா?"

அந்த அம்மாள் முகம் கோணவில்லை.
மோர் கொடுத்தார்கள், எவர்சில்வர் டம்ளர் அல்ல,
காகிதக் கப்.
"நேத்துதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டாரும்மா."
கேட்டில் பலகை அப்படியே தொங்கியது.

கைப்பையில் அந்தக் கை இருந்தது.
எடுக்கவில்லை.

மறுநாள் பிலாருக்கு அறிக்கை அனுப்பினேன்:
பத்துப் பை பழைய உலைக் கசடு.
பதினோராவது கசடே இல்லை,
லாரிப் பட்டறையில் கொட்டிய வெல்டிங் கழிவு,
மன்னிக்கவும்.
இன்னொரு பாதி கிடைத்ததா என்று கேட்டிருந்த வரியை
அனுப்புவதற்கு முன் அழித்தேன்.

எல்லோரும் போன பிறகு
வெண்கலக் கையைத் தராசில் வைத்தேன்,
மாதிரிகளை வைப்பதுபோல.
முப்பத்தெட்டு கிராம்.
பதிவேட்டில் எழுதினேன்.
கொண்டுவந்தவர் பெயர் என்ற கட்டத்தில்
என் பேர் மட்டும்.