எத்திராஜுக்கு ஒரு கானா

எல்லை, குண்டு, கொடி என்று
மூன்று சரணம் கட்டிக்கொண்டு போயிருந்தேன்.
புளியந்தோப்பு. காரியத்துக்கு முந்தின ராத்திரி.
ஷாமியானா கொள்ளாத ஜனம்.

கஸ்தூரி கையமர்த்தினாள்.
"அவுரு துப்பாக்கி சுட்டதே டிரெயினிங்லதான்.
மலையில மண்ணெண்ணெய் லாரி ஓட்டுனாரு.
பனியில வண்டி உருண்டுச்சு. அவ்ளோதான்."

பிறகு எதைப் பாட?

"அங்க இடி இடிச்சா போன் பண்ணுவாரு,
இங்க மழையான்னு கேக்குற மாதிரி.
பயம். எனக்குத் தெரியாதா?
லீவுல வரும்போது பேசின் பிரிட்ஜ் தாண்டுனா
நாத்தம் வந்துருச்சு, வூடு வந்துருச்சுன்னு
பக்கத்து சீட்டுக்காரன எழுப்பிச் சொல்லுவாராம்.
தூக்கத்துல இடது காலு
கிளட்ச்சத் தேடும், என் மேல."

டோலக்கை மடிக்கு மாற்றினேன்.
சட்டைப்பையில் மூன்று சரணமும்
வியர்வையில் ஊறிக் கிடந்தன.

கிளட்ச்சில் எடுத்தேன்.
மலையேற்றத்தில் தாளம் தானாகவே கியர் மாறியது.
இடிக்கு டோலக்கை அறைந்தபோது
கஸ்தூரி தலையாட்டினாள், அதேதான் என்பதுபோல.

பந்தக்கால் ஓரம் விறைத்து நின்றிருந்தார்
எத்திராஜ் கம்பெனி ஹவில்தார்.
பேசின் பிரிட்ஜ் வந்ததும்
மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பாட்டு முடிந்து டீ வந்தது.
பொத்திய கையை
அவர் இன்னும் எடுக்கவில்லை.